ஐந்தாவது கட்டையின் காது

முழங்காலைச் சரளையில் ஊன்றி, ஒரு கையால் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு, ஏசுவடியான் அதைத் தாங்கும் சிலீப்பர் கட்டையின் மேல் மூக்கை வைக்கிறார். ஒரு மூச்சு இழுக்கிறார். தலையை மறுபக்கம் திருப்பி இன்னொரு மூச்சு. பிறகு எழுந்து, மூக்கு நுனியில் ஒட்டிய தாரைப் புறங்கையால் துடைத்துவிட்டு, சந்தேகம் தட்டும் அடுத்த கட்டையைப் பார்த்து நடக்கிறார். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகும் ரயில் பாதையில் மூன்று மைல் அவர் பொறுப்பு. அந்த மூன்று மைலில் எத்தனை கட்டை என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடக் கூடாது. சொல்லத் தொடங்கிவிடுவார்.

பாதையோரப் பருத்திக் காட்டில் களையெடுக்கும் பெண்களுக்கு இது தினசரி வேடிக்கை. “ஏட்டி, கீமேன் கட்டைக்கு முத்தம் குடுக்காரு பாரு” என்று ஒருத்தி கிளப்பிவிடுவாள். ஏசுவடியான் கோபித்துக்கொள்ள மாட்டார். “ஒங்க வீட்டுப் பழங்கஞ்சிய மோந்து பாக்கதுக்கு இது எம்புட்டோ தேவல” என்பார். களைக்கொத்துகள் சற்று நேரம் வேலை மறந்து நிற்கும்.

தண்டவாளத்தை இறுகப் பிடித்திருக்கும் இரும்பு ஆப்புக்கு ரயில்வேக்காரர்கள் வைத்த பெயர் சாவி. பாதை நெடுகத் தினமும் நடந்து, தளர்ந்த சாவியை அடித்து இறுக்குவதும், மேலே எழும்பிய ஆணியை இறக்குவதும், ஆபத்தாக எதையாவது கண்டால் சிவப்புக் கொடியைக் காட்டி வண்டியை நிறுத்துவதும் கீமேனின் வேலை. பதினோரு வருஷம் பாதை பழுதுபார்க்கும் கேங்கில் சரளை கொத்திய பிறகு ஏசுவடியானுக்குக் கிடைத்த பதவி அது. ஐந்து வருஷமாக அதில் இருக்கிறார். தோளில் நீளக் காம்பு போட்ட சுத்தியல், கக்கத்தில் சுருட்டிய இரண்டு கொடி, இடுப்பு வாரில் ஒரு ஸ்பானர். கைக்கடிகாரம் கிடையாது. மனைவி இன்பம் மில்லில் நூலைச் சுற்றிச் சிட்டம் போடுகிறவள். வீட்டில் மில் சங்குதான் மணி, பாதையில் செங்கோட்டை வண்டிதான் மணி.

வயது நாற்பத்து நான்கு. ஒல்லியான, நீளமான மனிதர். எங்கே போனாலும் மரத்தைத் தடவிப் பார்க்கும் பழக்கம் மட்டும் போவதில்லை. கோவிலில் எல்லாரும் எழுந்து நின்று பாட்டுப் பாடும்போது, ஏசுவடியானின் கை முன் பெஞ்சின் அடிப்பலகையை நோட்டம் பார்த்துக்கொண்டிருக்கும். காணிக்கைக் காசைக் கீழே போட்டுவிட்டுத் தேடுகிறார் என்று நினைத்த போதகர், ஆராதனை முடிந்ததும் பரிவோடு விசாரித்தார். “காசு இல்ல அய்யா. இந்தப் பெஞ்சு இன்னும் ரெண்டு மழைக்குத்தான் தாங்கும்” என்றார் இவர். போதகர் அடுத்த வாரமே பெஞ்சை மாற்றினார். நம்பி மாற்றினாரா, பயந்து மாற்றினாரா என்பது தெரியவில்லை.

காளான்தான் அவருடைய கிறுக்கு. தாரில் ஊறிய கட்டைதானே என்று நாம் நினைக்கிறோம். தார் மேலே மட்டும்தான். ஆணி இறங்கிய துளை வழியாக மழைத்தண்ணீர் உள்ளே போகிறது. தண்ணீரோடு பூஞ்சணமும் போகிறது. உள்ளே அது வெள்ளை நூலாக ஓடி, கட்டையைத் தின்றுகொண்டே இருக்கும். மாதமோ வருஷமோ கழித்து ஒரு நாள் பக்கவாட்டில் விசிறி மாதிரி ஒரு காளானைத் தள்ளும். கேங்குக்காரர்கள் அதைக் காது என்பார்கள். கட்டைக்குக் காது முளைத்திருக்கிறது என்றால் ஆயிற்று, அது எடுத்துப் போட வேண்டிய கட்டை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. காதைப் பார்த்துத்தான் கட்டையை மாற்ற வேண்டும். ஆனால் பாதையைப் பார்வையிட இன்ஸ்பெக்டரின் டிராலி வருகிறது என்றால், மேஸ்திரி மாரிசாமி செய்கிற முதல் வேலை காதுகளை உளியால் செதுக்கித் தள்ளுவதுதான். பாதை சுத்தமாக இருக்க வேண்டும் அல்லவா. மைல் கல்லுக்குச் சுண்ணாம்பு, சரளைக்கு ஒழுங்கு, கட்டைக்குக் காது இல்லாத முகம். கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்குச் சவரம் செய்கிற அக்கறையோடு செய்வார்கள். பதினோரு வருஷம் கேங்கில் இருந்தபோது ஏசுவடியானும் அப்படி நூற்றுக்கணக்கில் செதுக்கியிருக்கிறார். அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குக் கூச்சமாக இருக்கிறது.

செதுக்கிய இடத்திலேயே அது மறுபடி வருகிறதே என்பதில்தான் கிறுக்கு ஆரம்பித்தது. ஏன் கோடையில் வருவதில்லை? பக்கத்துப் பக்கத்துக் கட்டையில் ஒன்றில் வந்து ஒன்றில் ஏன் வரவில்லை? ஒரு ஈஸ்டருக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, பாதையிலிருந்து கழித்துப் போட்ட கட்டை ஒன்றை விறகுக்கு என்று கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். இன்பத்துக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷம் ஒரு மணி நேரம்தான் நிலைத்தது. கட்டையை மூன்று துண்டாக அறுத்தவர், ஒரு துண்டைக்கூட அடுப்புக்குக் கொடுக்கவில்லை. ஒன்று குளிக்கிற இடத்துக்குப் போயிற்று. ஒன்று பரணுக்கு. மூன்றாவதை நனைத்துத் தரையில் வைத்துப் பழைய பானையைக் கவிழ்த்து மூடினார்.

“வெறகுன்னு சொல்லிக் கொண்டாந்திய. இப்பம் மூணுக்கும் தனித்தனியாக் குடித்தனம் வச்சுக் குடுக்கிய” என்றாள் இன்பம்.

பரண் துண்டு மூன்று மாதம் செத்தது போலக் கிடந்தது. குளிக்கிற இடத்துத் துண்டு இருபதாம் நாள் காது விட்டது. பானையை ஒரு மாதம் கழித்துத் திறந்து பார்த்த ஏசுவடியான் அன்றைக்குச் சோற்றை மறந்துவிட்டார். உள்ளே காளான் வந்திருந்தது, ஆனால் காது இல்லை. வெளிறிப்போன கொம்புகள், விரல் நீளத்துக்கு ஏழெட்டு. ஒன்றுக்கும் விசிறி இல்லை. எல்லாக் கொம்பும் ஒரே திசையில் வளைந்திருந்தன. அந்தத் திசையில் பானை வாயில் ஒரு சிறு உடைசல். அது வழியாக ஒரு கீற்று வெளிச்சம் உள்ளே வந்துகொண்டிருந்தது.

“வெளிச்சம் எந்தப் பக்கம்னு இதுக்கு எப்படிட்டித் தெரியும்? கண்ணா இருக்கு?”

“எனக்கு ரெண்டு கண்ணு இருக்கு. வெறகுதான் இல்ல.”

பானையை எடுத்துவிட்டுத் துண்டை அப்படியே திறந்து வைத்தார். காற்றும் வெளிச்சமும் பட்ட ஆறாம் நாள் கொம்புகளின் நுனி விரிந்து காதாயிற்று. மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், அந்த ஆறு நாளும் வேலை முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றாமல் கட்டைத் துண்டின் முன்னால் போய்க் குந்தியிருந்தார்.

இடி இடித்தால்தான் காளான் முளைக்கும் என்று ஊரில் சொல்கிறார்கள். “இடிக்கு மொளைக்கா, இடியோட வார மழைக்கு மொளைக்கா?” என்பது அவருடைய அடுத்த கேள்வி. இரண்டு துண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, ஒன்றை மட்டும் தினமும் சுத்தியலால் மூன்று அடி அடித்தார். முதல் தடவை அடி வாங்கிய துண்டு எட்டு நாள் முந்தியது. இரண்டாம் தடவையும் அதுவே. மூன்றாம் தடவை அடி வாங்காதது முந்திவிட்டது. “அன்னைக்கு அதுக்கு என்ன ரோசமோ. இன்னும் முடிவாகல” என்று இன்றுவரை சொல்கிறார். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் அவருக்கு ஒரு தனிச் சந்தோஷம் இருக்கிறது.

குளிக்கிற இடத்துத் துண்டில் விரிந்த காதுக்குக் கீழே, கரி படிந்த வெந்நீர்ப் பானையின் மேல் ஒரு நாள் வெள்ளையாகப் பிறை வடிவில் மாவு படிந்திருந்தது. காதின் அடிப்பக்கம் இருக்கும் இதழ் இதழான கோடுகள் அந்த மாவிலும் இருந்தன. அதை விரலால் எடுத்து, ஈரமான புது மாம்பலகையில் தடவி வைத்தார். ஆறு வாரத்தில் பலகையில் வெள்ளை நூல் ஓடிற்று. அன்றைக்குத்தான் முழுசாக விளங்கியது என்கிறார்.

“காது காதுன்னு சொல்லுதோம். அது காது இல்ல, கதிரு. வெதைக்கதுக்குத்தான் வெளிய வருது. உள்ள திங்கதுக்கு இருக்குத வரைக்கும் நூலாவே ஓடிக்கிட்டிருக்கும், தலைய வெளிய காட்டாது. தீவனம் தீரப்போகுதுன்னா, பொறவு தண்ணியும் காத்தும் வெளிச்சமும் தோதாப் பாத்து, கதிரு தள்ளும். அம்புட்டுக் கணக்கு அதுக்கு.”

இத்தனை தெரிந்தவர் காளான் சாப்பிட மாட்டார். புற்றுக்காளான் சீசனில் இன்பம் மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வதக்கினால் தெருவே மணக்கும். இவர் ரசத்தை ஊற்றிக்கொண்டு எழுந்துவிடுவார். “பழகுனத எப்படிட்டித் திங்கது” என்பது அவர் நியாயம்.

காது வந்தால் கட்டை போயிற்று என்று எல்லாருக்கும் தெரியும். காது வரவில்லை என்பதால் கட்டை நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. இது ஏசுவடியானுக்கு மட்டும் தெரியும். சென்ற ஐப்பசியில், யுத்தம் வந்த நாலாம் வருஷம், இதுவே அவருக்கு வினையாக வந்து சேர்ந்தது.

அவருடைய மூன்று மைலுக்குள் ஓர் ஓடைப்பாலம் இருக்கிறது. இரண்டு இரும்பு கர்டர், அவற்றின் மேல் பதினெட்டுக் கட்டை, கட்டைகளின் மேல் தண்டவாளம். மேற்கே மலையில் மழை பெய்தால் ஓடை கர்டரைத் தொட்டுக்கொண்டு போகும். அதில் ஐந்தாவது கட்டையின் ஆணி மூன்று நாளைக்கு ஒரு தடவை ஒரு நூல் உயரத்துக்கு மேலே எழும்பியது. அடித்து இறக்குவார். மறுபடி எழும்பும். மூக்கு வைத்துப் பார்த்தார். நனைந்த காளானின் வாசம். காது மட்டும் எங்கும் இல்லை.

இன்ஸ்பெக்டர் பால்துரை விருதுநகரிலிருந்து டிராலியில் வந்தபோது ஏசுவடியான் அவரிடம் இதைச் சொன்னார். பால்துரை கெட்டவர் அல்ல. ஆனால் ஒரு வருஷம் முன்பு இதே ஏசுவடியான் பேச்சைக் கேட்டு ஒரு கட்டையை எடுத்து, அது உள்ளே வைரம் பாய்ந்து கிடக்க, ஊர் சிரித்திருந்தது. அப்போது ஏசுவடியான் மோந்தது கட்டையின் வாசம் அல்ல; பாதைச் சரிவில் யாரோ குவித்திருந்த எருவில் முளைத்த காளானின் வாசம். யுத்தத்தினால் புதுக் கட்டை கிடைப்பதே அரிதாயிருந்த நேரம். துளை போட்டுப் பார்க்கலாம் என்றால், பாலக் கட்டைகளில் துளை போடக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. துளையே தண்ணீருக்கு வாசலாகிவிடும்.

பால்துரை சுத்தியலை வாங்கிக் கட்டையின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். நல்ல கெட்டியான சத்தம்.

“சவுண்டு நல்லாத்தானய்யா இருக்கு?”

“மேல கெட்டி அய்யா. உள்ள தின்னுட்டு.”

“காது எங்க?”

“இன்னும் வரல. வரும்.”

“வரட்டும். பதினஞ்சு நாள்ல திரும்ப வாரேன். காதக் காட்டு, எடுத்துருதேன். சும்மா மூக்க நம்பி எடுத்து, இதும் போன வருசக் கத ஆச்சுன்னா ரிப்போர்ட் எழுதாம இருக்க முடியாது. திரும்பக் கேங்குக்குப் போயிருவ, பாத்துக்க.”

டிராலி போய்விட்டது. ஏசுவடியான் பாலத்தின் மேல் நின்றார். கீமேன் பதவி போவது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் கண்ணெதிரே நின்றது. இது வடகிழக்கு மழையின் தொடக்கம். தினமும் நாலு வண்டி இந்தக் கட்டையின் மேல் ஏறி இறங்குகிறது. வெள்ளம் வந்து கர்டரைத் தட்டும் நாளில் ஆணி பிடி விட்டால் என்ன ஆகும்? அன்று முதல் ஒவ்வொரு வண்டிக்கும் முன்னால் பாலத்துக்கு வந்து, அந்த ஆணியை அடித்து இறக்கி, வண்டி கடந்து போகும்வரை கீழே கரையில் நின்று கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மற்ற நேரத்தில் கட்டைக்குக் கதிர் தள்ள வைக்கும் வேலையில் இறங்கினார். ஓடையிலிருந்து பனையோலைப் பட்டையில் தண்ணீர் மொண்டு காலையும் மாலையும் கட்டைக்கு ஊற்றினார். கர்டரை ஒட்டிக் கிழக்குப் பக்கமாக இருந்த ஒரு வெடிப்பில் பெருவிரல் அகலத்துக்குத் தாரைச் சுரண்டிவிட்டார். துளைக்குத்தான் தடை, சுரண்டலுக்குத் தடை இல்லை என்று தமக்குத் தாமே தீர்ப்பு எழுதிக்கொண்டார். ஈரம் காயாமலிருக்கச் சாக்கை நனைத்துப் போர்த்தினார். எதற்கும் இருக்கட்டும் என்று தினமும் சுத்தியலால் மூன்று அடி.

ஆறாம் நாள் ஒன்றுமில்லை. எட்டாம் நாளும் இல்லை.

“பெத்த பிள்ளைக்குக்கூட இப்படிப் பாத்துப் பாத்துத் தண்ணி ஊத்துனதில்ல” என்றாள் இன்பம். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஒருவேள கட்ட நல்லாத்தான் இருக்கோ?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி அவருக்குள்ளும் இருந்தது. அதே சமயம், ஆபத்தான அந்த நாட்களிலும், ஒரு குறுகுறுப்பு அவரை விடவில்லை. எல்லாம் கொடுத்தாயிற்று, இன்னும் எதற்குக் காத்திருக்கிறது? பானைக்குள் விரியாமல் நின்ற கொம்புகள் ஞாபகத்துக்கு வந்தன. ஒன்பதாம் நாள் பாலத்துக்குப் போனதும் முதல் வேலையாகச் சாக்கை எடுத்துத் தூர வைத்தார். ஈரத்துக்காக மூடியவர், காற்றையும் வெளிச்சத்தையும் சேர்த்து மூடிவிட்டிருந்தார்.

பத்தாம் நாள் மழை பெய்து குளிர்ந்தது. பன்னிரண்டாம் நாள் வெடிப்பில் கடுகளவில் வெள்ளைப் புள்ளிகள் மூன்று தெரிந்தன. பதின்மூன்றாம் நாள் அவற்றில் இரண்டு வாடிப்போய், ஒன்று மட்டும் பருத்தது. பதினான்காம் நாள் அது இரண்டு விரல் அகலக் காதாக விரிந்து, கர்டரின் மேல் கவிந்து உட்கார்ந்திருந்தது. ஏசுவடியான் அதைத் தொடவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை. நாளைக்கு இன்ஸ்பெக்டர்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று ஒரு ஆசை. மனுஷன்தானே.

மறுநாள் காலை அவர் பாலத்துக்கு வந்தபோது மேஸ்திரி மாரிசாமியும் கேங்கும் அந்த இடத்தைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். பாலம் பளிச்சென்று இருந்தது. இரு கரையிலும் சரளை ஒழுங்காக, தண்டவாள ஓரம் புல் பூண்டில்லாமல். ஐந்தாவது கட்டையில் காது இருந்த இடத்தில் உளி சீவிய தடம் மட்டும் ஈரமாக மின்னியது. கீழே ஓடை சுழித்துக்கொண்டு ஓடியது. அதில் விழுந்தது இந்நேரம் எங்கே போயிருக்குமோ.

“அண்ணாச்சி, இங்க ஒண்ணு இருந்துதே?”

“இருந்துச்சு. செதுக்கிப் போட்டேன். என்னலே, டிராலி வருது, அத அப்படியே விடவா?” மாரிசாமி சொல்லிக்கொண்டே வந்தவர், ஏசுவடியானின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார். “ஏலே, என்ன?”

ஏசுவடியானால் அவரை ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. சொல்வதற்கு வாய் ஏது? இவர் கையும் பதினோரு வருஷம் அதே உளியைப் பிடித்த கை. விஷயத்தைச் சொன்னதும் மாரிசாமி உளியைக் கீழே வைத்துவிட்டார். அதற்குள் தூரத்தில் டிராலி தெரிந்தது. நாலு பேர் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

பால்துரை இறங்கி வந்து ஐந்தாவது கட்டையைப் பார்த்தார். “எங்கய்யா காது?”

“நாந்தான் அய்யா செதுக்கிட்டேன்” என்றார் மாரிசாமி. “எப்பமும் செய்யுததுதான. தெரியாமப் போச்சு.”

“நல்லா இருக்கு ரெண்டு பேரும் சேந்து சொல்லுதது.” பால்துரைக்குக் கோபம் வரவில்லை; சலிப்புதான் வந்தது. நோட்டை மூடி டிராலிப் பக்கம் திரும்பினார்.

ஏசுவடியான் தலையைக் குனிந்து கட்டையைப் பார்த்தார். அவருக்கு அதைத் தவிர வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அப்போதுதான் கர்டரின் மேல் அது கண்ணில் பட்டது. தார் பூசிய கறுப்பு இரும்பில் வெள்ளையாக ஒரு பிறை.

“அய்யா, செத்த நேரம். இங்க குனிஞ்சு பாருங்க.”

பால்துரை பார்த்தார். “சுண்ணாம்பு. கல்லுக்கு அடிக்கும்போது தெறிச்சிருக்கும்.”

“சுண்ணாம்பு தெறிச்சா பொட்டுப் பொட்டா விழும் அய்யா. இதுல கோடு இருக்கு பாருங்க, சீப்புப் பல்லு கணக்கா. ஒரு மொனையில கூடி, வெளிய விரிஞ்சு வருது. காதுக்கு அடியில இருக்க இதழு இது. ராத்திரி பூரா கீழ மாவு கொட்டியிருக்கு.” ஏசுவடியான் பிறையின் ஓரத்தில் விரலை வைத்து எடுத்து, நாக்கில் தடவிக்கொண்டார். “சுண்ணாம்புன்னா வெந்துபோகும்.”

பால்துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தண்டவாளத்தின் மேல் கவிழ்ந்து படுக்காத குறையாகப் பார்த்தார். கோடுகளை நகத்தால் எண்ணுகிறாற்போல இருந்தது. பிறை எங்கே கூடுகிறதோ, அதற்கு நேர் மேலே கட்டையில் உளித் தடம். பிறகு எழுந்து, “அடுத்த வண்டிக்கு எம்புட்டு நேரம் இருக்கு?” என்று கேட்டார்.

“ரெண்டரை மணி நேரம் அய்யா.”

“எடுங்க.”

ராஜபாளையம் ஸ்டேஷனில் இருந்த மாற்றுக் கட்டையை டிராலியிலேயே ஏற்றி வந்தார்கள். இரண்டு முனையிலும் சிவப்புக் கொடி நட்டு, ஆணியைப் பிடுங்கி, எட்டுப் பேர் பழைய கட்டையை வெளியே இழுத்தார்கள். வெளித் தோற்றத்துக்கு அது நேற்று வந்த கட்டை மாதிரி இருந்தது. கரைக்குக் கொண்டுபோய்ப் பொத்தென்று போட்டதும் நடுவில் இரண்டாகப் பிளந்துவிட்டது. உள்ளே மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஈர அவலைப் போல உதிர்ந்தது. அதன் ஊடே வெள்ளை நூல்.

பால்துரை ஒரு கைப்பிடி அள்ளிப் பிசைந்து பார்த்தார். “இதுக்கு மேல எத்தன வண்டி போயிருக்கு?”

“தெனம் நாலு அய்யா.”

அவர் கையை உதறிவிட்டுப் புதுக் கட்டை ஏறி, தார் பூசி முடிகிறவரை பாலத்திலேயே நின்றார். போகும்போது ஏசுவடியானிடம் வந்தார். “இனி எனக்குக் காது வேண்டாம். நீ சொன்னாப் போதும்” என்றார். பதினாறு வருஷத்தில் மேலதிகாரி ஒருவர் அவரிடம் சொன்ன நல்ல வார்த்தை அதுதான். ஏசுவடியான் தலையை ஆட்டினார். ஆனால் அந்த வார்த்தை முழுசாக அவர் காதில் விழுந்ததா என்பது சந்தேகம். அவர் கண் ஆறாவது கட்டையில் இருந்தது.

அங்கும் மெல்லிசாக வெள்ளை படிந்திருந்தது. ஏழாவதிலும். நாலாவதின் ஆணி இடுக்கில், கிட்டே போய்ப் பார்த்தால் மட்டும் தெரிகிற அளவில். இரவெல்லாம் மலைக்காற்று அந்தப் பக்கமாகத்தான் அடித்திருக்கிறது. கதிர் தள்ளுவது விதைக்கத்தான் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர், இந்தப் பதினைந்து நாளும் அதை நினைக்கவே இல்லை. தண்ணீர் ஊற்றியதும், தாரைச் சுரண்டியதும், வெளிச்சம் காட்டியதும் அவர் கைதான். பாலத்தைக் காப்பாற்றப் போய், பாலம் முழுக்க விதைத்து வைத்திருந்தார்.

டிராலி போய்விட்டது. செங்கோட்டை வண்டியும் புதுக் கட்டையின் மேல் தடதடத்துக்கொண்டு கடந்துவிட்டது. “ஏலே, வா. கஞ்சி குடிக்கலாம். இன்னைக்கு ஒனக்குத்தான் முதல் கலயம்” என்று கரையிலிருந்து மாரிசாமி கூப்பிட்டார்.

“குடிங்க அண்ணாச்சி. பொறவு வாரேன்.”

தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். இன்ஸ்பெக்டர் வருகிற நாள் என்று இன்பம் உவர்மண் போட்டு வெளுத்துக் கொடுத்த துண்டு. துணி கிடைக்காத இந்தக் காலத்தில் வீட்டில் இருக்கிற ஒரே நல்ல துண்டு. புதுக் கட்டைக்குப் பூசிய மிச்சத் தார் டின்னில் இன்னும் இளஞ்சூடாக இருந்தது. ஏசுவடியான் துண்டை அதில் முழுசாக முக்கி எடுத்து, சொட்டுச் சொட்டாக வழிய விட்டு, பாலத்தின் முதல் கட்டைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, படிந்த விதை உள்ளே இறங்காதபடி இடுக்கு இடுக்காகத் தாரால் துடைத்து அடைக்கத் தொடங்கினார்.